பாரிவேட்டையின் முதல் சத்தம்

அத்தியாயம் 3

ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குருசாமியின் பார்வை எதிரே இருந்த புளியமரத்தடியில் போய் நின்றது. அங்கே துண்டை விரித்துச் சாய்ந்தால் மறுநாள்தான் எழுந்திருப்போம் என்று தோன்றியது. வேடசந்தூர் நூல் மில்லில் பஞ்சு திருடியவனைப் பிடிக்க இரண்டு இரவு கண்விழித்த உடம்பு அது. திருடன் அகப்பட்டுவிட்டான். தூக்கம்தான் இன்னும் அகப்படவில்லை.

"அண்ணே, அந்த மரத்தை அப்படிப் பாக்காதீங்க. பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி இருக்கு" என்றான் பீர் முகமது.

பீர் முகமது பேகம்பூர்க்காரன். தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், முதலாளியைப் பற்றிய ஒரு கேலியை முதலாளி காதிலேயே விழும்படி சொல்லி வேலையை இழந்தான். அன்றிலிருந்து துப்பறியும் தொழிலில் குருசாமிக்கு உதவியாள். சம்பளம் குறைந்துபோனது, வாய் குறையவில்லை.

"நட பீரு. குளத்துப்பட்டிக்கு வண்டி கிடையாது."

"நடக்குறேன். நீங்க நடக்குறீங்களா தூங்குறீங்களான்னு மட்டும் அப்பப்பச் சொல்லிக்கிட்டு வாங்க."

தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே வண்டிப்பாதை நீண்டு கிடந்தது. குருசாமி நடந்துகொண்டே, முந்தின நாள் அந்தப் பெண் சொன்னதை மறுபடி முதலிலிருந்து அடுக்கிப் பார்த்தார். ஒரு தடவை அடுக்கினால் அவருக்குத் திருப்தி வராது. எதையோ விட்டுவிட்டோம் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும்.

அவள் பெயர் வீரலட்சுமி. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்கு மேலிருந்த குருசாமியின் அறைக்கு வந்து, கீழே அரம் ராவும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு நாளைச் சாயங்காலம் ஒரு துப்பாக்கியச் சுடப்போறாக. அதச் சுடலாமா கூடாதான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

குளத்துப்பட்டியில் வருஷத்துக்கு ஒரு முறை கருப்பணசாமிக்குப் பாரிவேட்டை. சாமி வேட்டைக்குப் புறப்படும். ஊர் ஆண்கள் ஈட்டியும் கம்பும் நாய்களுமாக, பாறைக்குன்றின் அடிவாரமான கரட்டடியில் கூடுவார்கள். பெரிய வீட்டு வாரிசு பாறைமேல் ஏறி நின்று, தாத்தா வாங்கிவைத்த இரட்டைக் குழல் ரைபிளால் வானத்தைப் பார்த்து முதல் குண்டைச் சுடுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நாய்களின் கயிறு அவிழும். அன்றைக்குச் சத்தம் கேட்காவிட்டால், உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். இத்தனை வருஷமும் அதைச் செய்துவந்தவர் அவளுடைய மாமனார் சோலைமுத்து. கோடையில் வாய்க்கால் மடையைத் திருப்பும்போது சரிந்து விழுந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இந்த வருஷம் மகன் உடையப்பனின் முறை. அவன் மதுரை வரை போய்த் தோட்டாக்கள் வாங்கி வந்திருந்தான்.

"இதுல உங்களுக்கு என்னம்மா சந்தேகம்?" என்று குருசாமி கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் அவரை இந்த வெயிலில் நடக்க வைத்தது.

"எங்க சின்ன மாமா பெருமாள்சாமி இருக்காரே, மாமாவோட தம்பி, அவரு எங்க வாசப்படிய மிதிச்சு வருசக்கணக்காச்சு. உரிமை அவருக்கு வரலைங்கிற கோவம். அவரு போன வாரம் வீடு தேடி வந்து, 'நீதான்டா மகனே சுடணும், ஒன்னைய விட்டா யாரு'ன்னு எங்க வீட்டுக்காரரு தோளத் தட்டிக்குடுத்துட்டுப் போறாரு. அவரு அம்புட்டு நல்லாப் பேசுனதுதாங்கய்யா எனக்குப் பயமா இருக்கு."

குளத்துப்பட்டிப் பெரிய வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் ஒரு வேப்பமரமும் இருந்தன. வீரலட்சுமி ரைபிளைப் பட்டு வேட்டியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள்.

"அவுக கோயிலுக்குப் போயிருக்காக. வெயில் சாய வந்து இத எடுத்துக்கிருவாக. அதுக்குள்ள பாத்துருங்கய்யா."

யுத்தத்தின்போது ஜபல்பூரில் ராணுவத் தளவாடக் கிடங்கில் துப்பாக்கிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர் குருசாமி. அங்கே கற்ற முதல் பாடம், வாயை ஆளில்லாத பக்கம் திருப்புவது. இரண்டாவது, தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, இல்லை என்று கண்ட பிறகும் இருப்பதாகவே நினைத்துக்கொள்வது. ரைபிளின் வாயை வைக்கோல்போர் பக்கம் திருப்பி, அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தார். அசையவில்லை. பீர் முகமது பிடியைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக இழுத்ததில் முனகிக்கொண்டு திறந்தது.

தோட்டா இல்லை. குழலின் பின்பக்கம் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் தெரிய வேண்டும், உள்ளே ஓடும் திருகு வரிகள் தெரிய வேண்டும். ஒரே இருட்டு. அடுத்த குழலும் அப்படியே. தூக்கக் கலக்கமோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இருட்டுத்தான்.

முன்பக்கம் திருப்பினார். இரண்டு குழல் வாயிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

"இது யாரும்மா வெச்சது?"

"நாந்தேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு வைப்போம். எங்க மாமியா இருந்த வரைக்கும் அவுக வெச்சாக. வாயத் தொறந்து போட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு நல்லா உள்ள வரைக்கும் அப்பச் சொல்லுவாக."

பீர் முகமது எட்டிப் பார்த்தான். "நல்லா அப்பியிருக்கீங்கம்மா. அந்தப் பக்கம் போக எறும்புக்குக் கூட வழியில்ல."

குருசாமி மூங்கில் குச்சியொன்றைச் சீவச் சொல்லி, அதைப் பின்பக்கமாக விட்டு, அம்மிக் குழவியால் மெல்லத் தட்டினார். வெகுநேரம் தட்டிய பிறகு, விரல் நீளத்துக்குக் கல்லாய் இறுகிய சந்தனக் கட்டி ஒன்று வாய் வழியே வந்து விழுந்தது. கத்தியால் அதை நெடுக்காகப் பிளந்தார்.

"சின்னாளப்பட்டிச் சேலைக் கரை மாதிரியில்ல இருக்கு!" என்றான் பீர் முகமது.

மஞ்சள், அதன்மேல் மெல்லிய சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. அடுக்கடுக்காக, அடியில் இருந்தவை வெளுத்தும் மேலே இருந்தவை நிறம் மாறாமலும்.

"அண்ணே, கேஸ் முடிஞ்சுது. பெருமாள்சாமி குழலை அடைச்சிட்டு, 'நீதான்டா சுடணும்'னு தோளத் தட்டிட்டுப் போயிருக்கான். வாங்க, பஸ்ஸப் பிடிப்போம்."

"அடைக்கிறவன் ஒரே நாள்ல அடைப்பான் பீரு. இது வருசா வருசம் வளந்திருக்கு. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு ஆயுத பூஜை." குருசாமி வீரலட்சுமியைப் பார்த்தார். "நடுவுல ஒரே ஒரு தடவை இந்தத் துப்பாக்கி சுட்டிருந்தாக்கூட, இது வெளிய பறந்திருக்கணும். இல்லைன்னா குழல் வெடிச்சிருக்கணும். உங்க மாமா இதைச் சுடவே இல்லம்மா."

"என்னய்யா சொல்றீக! வருசம் தவறாமச் சுட்டாக. ஊரே கேட்டுருக்கு."

"கேட்டிருக்கு. சரி."

"ஒருவேள ஒத்தக் குழலத்தான் சுட்டாரோ என்னமோ" என்றான் பீர் முகமது.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அடுத்த குழலையும் தட்டினார்கள். அதிலும் அதே கட்டி, அதே அடுக்கு.

வீரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வேட்டை முடிஞ்சு மாமா வந்தாகன்னா சட்டையத் தொவைக்கிறது நாந்தேன். வேர்வை நாத்தம் இருக்கும். வெடிமருந்து நாத்தம் ஒரு நாளும் இருந்ததில்ல. சாமி காரியம், அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

"அடைப்பத்தான் எடுத்தாச்சே" என்று சட்டென்று நிமிர்ந்தாள். "இப்பச் சுடலாமாங்கய்யா?"

குழல்களைப் பிடியிலிருந்து கழற்றி, வேப்பங்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார் குருசாமி. ஓர் அணாக் காசால் தட்டினார். பழுதில்லாத குழல் கோயில் மணி மாதிரி நாதம் விடும். இது விரிசல் விட்ட பானை மாதிரி 'டொப்' என்றது. தன் கை சரியாகப் படவில்லையோ என்று வேறு இடத்தில் தட்டினார். பீர் முகமதுவைத் தட்டச் சொன்னார்.

"நான் தட்டுனாலும் 'டொப்'புதான். நம்ம தலைவிதி" என்றான் அவன்.

மறுபடி மாட்டி மூடினார். குழலுக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் பீடி இலை ஒன்றை வைத்து மூடியபோது, இலை தாராளமாக உள்ளே போய் வந்தது. அந்த இடுக்கு வழியாக வைக்கோல்போரின் மஞ்சள் தெரிந்தது.

குருசாமிக்கு அலுப்பாக இருந்தது. ஒரு துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு கெட்ட சேதியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. "அடைப்பு இருந்தாலும் இல்லாட்டியும் இதைச் சுடக்கூடாதும்மா. குழல் கீறியிருக்கு. பூட்டு தளந்துபோச்சு. இது பழைய கருமருந்துக்குச் செஞ்சது. அவரு வாங்கியிருக்கிறது புது மருந்து, வேகம் அதிகம். சுட்டா குண்டு முன்னால போகாது, இரும்புதான் பின்னால வரும். கையோட போகலாம், தலையோடயும் போகலாம்."

"தோட்டா அவுக மடியில இருக்கு. ராத்திரி தூங்கும்போதுகூட அவுக்கல. நான் சொன்னா, பொம்பள பேச்சக் கேட்டு நின்னுட்டான்னு ஊரு பேசும்னுவாக." அவள் ரைபிளைக் காட்டினாள். "துப்பாக்கிய நீங்களே கொண்டுபோயிருங்க ஐயா."

"கொண்டுபோனா?"

"சத்தம் கேக்காது. உரிமை சின்ன மாமாவுக்குப் போயிரும்." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்க மாட்டாக. அப்பா இம்புட்டு வருசம் காப்பாத்துனத ஒரே நாள்ல தொலைச்சிட்டேன்னு கெணத்தப் பாத்துக்கிட்டு நிப்பாக."

குருசாமி ரைபிளைத் துடைத்து, பட்டு வேட்டியில் சுற்றி அவளிடமே கொடுத்தார். "உங்க மாமா கையில இது பேசல. ஆனா எங்கேயோ ஒண்ணு பேசியிருக்கு. அது எதுன்னு கண்டுபிடிச்சிட்டா, இன்னைக்கும் அதே பேசிட்டுப் போகட்டும். அவரு வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்து நிறுத்தி வைங்க."

கரட்டடி ஊருக்கு மேற்கே இருந்தது. கருவேலங்காட்டுக்கு நடுவே யானை படுத்தது போல ஒரு பாறை. இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. குருசாமி பாறையைச் சுற்றி நடந்தார். குண்டு பட்ட தடம் தேடினார், புகைக் கறை தேடினார். மழை கழுவாத இடுக்குகளை விரலால் தடவினார். ஒன்றுமில்லை. தான் தேடுவது தவறான இடமோ என்ற பழைய அரிப்பு மறுபடி தொடங்கியது.

பீர் முகமது புதருக்கு அந்தப் பக்கம் போய், ஒரு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க தேடுங்கண்ணே. கண்டுபிடிச்சா எழுப்புங்க."

"உக்காந்தது போதும், எந்திரி."

அவன் சலித்துக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தான். குருசாமி அவனுடைய வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. கரி."

வெள்ளை வேட்டியில் தாமரை இலை அளவுக்குக் கரி. குருசாமி முழங்காலிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார். பல வருஷம் தீப்பட்டுக் கறுத்த கல். நடுவில் வட்டமாக ஒரு துருத் தடம், கனமான இரும்பு ஏதோ நின்ற அடையாளம். சுற்றிலும் செங்கல் தூள்.

"அடச்சே, கோயில் வேட்டு!" என்றான் பீர் முகமது. "இரும்புக் குழாயில மருந்தக் கெட்டிச்சு, செங்கப்பொடி போட்டு இடிச்சு, பத்த வைப்பாங்களே! பெரியவரு மேல நின்னு துப்பாக்கியத் தூக்க, இங்க ஒருத்தன் கொளுத்தியிருக்கான். பாத்தீங்களாண்ணே, நான் உக்காந்தாலே துப்புக் கெடைக்குது."

"இனிமே எல்லாக் கேஸ்லயும் ஒன்னைய முதல்ல உக்கார வைக்கிறேன்."

ஊரில் வேட்டுப் போடுபவர் பெயர் பொம்மையன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி பெருமாயி, முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள், அந்நியர்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு ஒட்டஞ்சத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வேட்டுப் போடப் போயிருக்காரு."

"பாரிவேட்டை அன்னைக்கா?"

பெருமாயி கீழே வைத்த முறத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"யாரும்மா அனுப்புனது?"

"பெருமாள்சாமி ஐயாதேன். நல்ல கூலி வாங்கிக் குடுத்தாக." அவள் தயங்கினாள். "நாளு சரியில்லையேன்னு நாங்கூடச் சொன்னேன். 'இந்த வருசம் தேவப்படாது, போ'ன்னாக."

குருசாமி அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். நிற்கத் தெம்பில்லை. "ஆத்தா, பாறைக்குப் பின்னால இருக்கிற கரிப் பள்ளத்தப் பாத்துட்டுத்தான் வாரோம். உடையப்பன் மடியில நெசத் தோட்டா வெச்சிருக்கான். அந்தத் துப்பாக்கி வெடிச்சு அவன் செத்தா, நீங்க ரெண்டு பேரும் காத்துவந்த ரகசியத்துக்கு அர்த்தமே இல்ல."

பெருமாயியின் வாய் திறந்தபடி நின்றது. "நெசத் தோட்டாவா? அய்யோ, அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. "யுத்தத்தப்பத் தோட்டா கெடைக்கல. பெரியவரு எம்புருசனக் கூப்பிட்டு, 'பொம்மையா, இந்த ஒரு வருசம் நீ மறைவா ஒரு வேட்டுப் போடு, நான் துப்பாக்கியத் தூக்குறேன்'னாரு. அந்த ஒரு வருசம் முடியவே இல்ல சாமி. அவுக தம்பிக்கு மட்டும் இது தெரியும்."

"கருப்பணசாமி கோவிச்சுக்கலையா?" என்றான் பீர் முகமது.

"சாமிக்குச் சத்தந்தானே வேணும்? அந்த வருசம் மழை நல்லாத்தேன் பேஞ்சுச்சு."

"குழாய் வீட்டுல இருக்கா?" என்று கேட்டார் குருசாமி.

"ஒண்ணு இருக்கு. மருந்தும் இருக்கு. கெட்டிச்சு இடிக்கிறது எப்பவுமே நாந்தேன். தீ வைக்கிறதோட அவரு சரி, பேரு மட்டும் அவருக்கு."

"பீரு, நீ ஆத்தா கூட இருந்து குழாயத் தூக்கிக்கிட்டுப் பள்ளத்துக்கு வா. நான் பெருமாள்சாமியப் பாத்துட்டு வாரேன்."

"நான் குழாயையா?" என்று பீர் முகமது அந்த இரும்பை அசைத்துப் பார்த்தான். "அண்ணே, கொலைகாரனப் பிடிக்கிற வேலைய நான் பாக்குறேனே. அது எடை கம்மி."

பெருமாள்சாமி தன் தென்னந்தோப்புக் கிணற்றடியில் குளித்து முடித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். கட்டுமஸ்தான உடம்பு, நரைத்த மீசை. கையில் பித்தளைச் செம்பு. குருசாமி வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அதை அப்படியே சொன்னார்.

"உங்க அண்ணன் மகனைக் கொல்றதுக்கு நீங்க நல்ல நாளாத்தான் பாத்திருக்கீங்க."

"யாருய்யா நீ?"

"பொம்மையனை வெளியூருக்கு அனுப்பிட்டீங்க. உடையப்பனத் தோளத் தட்டிக்குடுத்து மேல ஏத்திவிட்டீங்க. துப்பாக்கி கீறல் விட்டது. அவன் விசைய அழுத்துனா முடிஞ்சது. உரிமையும் உங்களுக்கு, பழியும் துப்பாக்கிக்கு."

பெருமாள்சாமி செம்பைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டுச் சிரித்தார். குருசாமி எதிர்பார்த்திராத சிரிப்பு, நிஜமான சிரிப்பு.

"கொலையா? பொம்மையன அனுப்புனது நாந்தேன். மறைக்கல. பய மேல ஏறி நின்னு துப்பாக்கியத் தூக்குவான். சத்தம் வராது. ஊரே சிரிக்கும். இம்புட்டு நாளும் அண்ணன் பண்ணுன கூத்தும் வெளிய வரும். உரிமை எங்கிட்ட வரும். அம்புட்டுத்தேன். வெறுந் துப்பாக்கிய அழுத்தி எவன்யா செத்தான்?"

"வெறுந் துப்பாக்கி இல்ல. மதுரையில தோட்டா வாங்கி மடியில கட்டியிருக்கான்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"தோட்டாவா? எதுக்கு? அவனுக்குத்தான் தெரியுமே." அவர் குருசாமியின் முகத்தைத் தேடினார். "அண்ணன் அவங்கிட்டச் சொல்லியிருப்பாருல்ல?"

"உங்க அண்ணன் மடையில விழுந்தாரு. சொல்லிட்டா விழுவாங்க?"

அவர் கை பட்டுச் செம்பு உருண்டு கிணற்றுக்குள் விழுந்தது. பெருமாள்சாமி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் தலை குனியணும்னு நெனச்சேன்யா. தலையே போகணும்னு நெனக்கலையே. அந்தப் பாறைக்கு அவன முதமுத தோள்ல தூக்கிக்கிட்டுப் போனவனே நாந்தேன்."

கொலைகாரனைத் தேடி வந்த குருசாமியின் முன்னால், ஈரத் துண்டோடு ஒரு சித்தப்பா நின்றார். காலையிலிருந்து போட்ட கணக்கில் பாதி தவறு. அதைப் பற்றி வருத்தப்பட நேரம் இருக்கவில்லை. ஊர்ப் பக்கம் உறுமியும் கொம்பும் எழுந்தன.

"சாமி பொறப்பட்டுருச்சு" என்றார் பெருமாள்சாமி. ஓட ஆரம்பித்தார். பள்ளத்தில் குழாயோடு பெருமாயி காத்திருப்பதைக் குருசாமி ஓடிக்கொண்டே சொன்னார்.

அவர்கள் கரட்டடியை அடைந்தபோது ஊரே அங்கே இருந்தது. நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஊளையிட்டன. பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் வீரலட்சுமி, முகத்தில் ரத்தமில்லாமல் நின்றாள். குருசாமியைப் பார்த்ததும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவளால் நிறுத்த முடியவில்லை. பாறையின் உச்சியில், கழுத்தில் மாலையோடு, ரைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு உடையப்பன் நின்றிருந்தான். மெலிந்த இளைஞன். இடுப்பு மடி அவிழ்ந்து தொங்கியது. தோட்டாக்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன.

பாறையடியில் குருசாமியை இருவர் மறித்தார்கள். "வெளியாள் ஏறக்கூடாது."

"விடுங்கடா!" என்று பெருமாள்சாமி கத்தினார். "துப்பாக்கியப் பாக்க நான் கூட்டியாந்த ஆளு." கத்திவிட்டு, யாரும் கவனிக்காதபடி கருவேலம் புதருக்குள் புகுந்தார்.

குருசாமி மூச்சு வாங்க மேலே ஏறினார். உடையப்பனின் தோளருகே நின்று, உதட்டை அசைக்காமல் பேசினார்.

"உங்க வீட்டம்மா அனுப்புன ஆள் நான். விசையிலேருந்து விரலை எடுங்க. குழல் கீறியிருக்கு, வெடிச்சிரும்."

"போய்யா. எங்கப்பா சுட்ட துப்பாக்கி."

"உங்கப்பா இதைச் சுட்டதே இல்ல."

உடையப்பன் திரும்பினான். கண்ணில் அடிக்கப்போகிறவனின் கோபம். "ஊரறிய எங்கப்பாவக் கேவலப்படுத்த எந்தப் பங்காளிகிட்டக் கூலி வாங்குன? கூட நின்னு கண்ணால பாத்தவன் நான்."

"கீழ நின்னுதான் பாத்திருக்கீங்க. இன்னைக்குத்தான் அவரு நின்ன எடத்துல நிக்கிறீங்க. வலது பக்கம், புதருக்குப் பின்னால பாருங்க."

கீழே நின்றவர்களுக்குத் தெரியாத ஓர் இடம் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. கரிப் பள்ளம். அதில் ஓர் இரும்புக் குழாய். பெருமாயி முழங்காலிட்டு உலக்கையால் கடைசி இடி இடித்துக்கொண்டிருந்தாள். பீர் முகமது தலையில் சும்மாட்டோடு மூச்சிரைக்க மல்லாந்து கிடந்தான். எரியும் கொள்ளியைக் கையில் பிடித்து, அண்ணாந்து, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் பெருமாள்சாமி.

உடையப்பனின் விரல் விசையிலிருந்து விலகியது. கீழே நாய்கள் குரைத்தன.

"எங்கப்பா துப்பாக்கியத் தூக்குறதுக்கு முன்னால எப்பவும் இந்தப் பக்கம் குனிஞ்சு பாப்பாரு" என்றான். "சாமி கும்பிடுறாருன்னு நெனச்சேன்."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று நெம்புகோலை இழுத்தான். இரண்டு தோட்டாக்களையும் எடுத்துக் குருசாமியின் கையில் வைத்தான். பிறகு குழலை மூடி, வெறுந் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, வானத்தைப் பார்த்து உயர்த்தினான்.

சத்தம் வரவில்லை.

கீழே யாரோ முணுமுணுத்தார்கள். கொள்ளியைப் பிடித்திருந்த பெருமாள்சாமியின் கை நடுங்கி, குழாயின் துளையில் படாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. இந்த ஆளை நம்பியது தவறோ என்று குருசாமிக்குத் தோன்றியது. நெருப்பு இன்னும் படவில்லை என்றால் அது நடுக்கமா, இல்லை, இந்தக் கடைசி நொடியில் பழைய ஆசை எட்டிப் பார்க்கிறதா? உரிமை அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. சும்மா நின்றால் போதும்.

பெருமாள்சாமி இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்பக்கூட மறந்து, கொள்ளியைத் துளையில் அழுத்தினார்.

கரடே அதிர்ந்தது. காக்கைகள் கூட்டமாக எழும்பின. கயிறுகள் அவிழ்ந்து நாய்கள் பாய, பெண்கள் குலவையிட்டார்கள். சத்தம் வந்து முடிந்த பிறகுதான் உடையப்பனுக்குத் தோளைக் குலுக்க நினைவு வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வீரலட்சுமி மட்டும் ஓடவில்லை, குலவையும் இடவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதரை விலக்கிக்கொண்டு பெருமாள்சாமி வெளியே வந்தார். புருவத்தைக் காணோம், மீசையில் பாதியைக் காணோம். முகம் முழுக்கக் கரி. கம்போடு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"என்ன மாமா இது, மூஞ்சி பூரா?"

பெருமாள்சாமி மேலே பாறையைப் பார்த்தார். உடையப்பன் அங்கே ரைபிளைப் பிடித்தபடி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"பக்கத்துல நின்னுட்டேன்யா" என்றார். "எம்மகன் சுட்ட பொகை. ஆத்தாடி, என்னா சுடு!"

அந்த ஆள் சிரித்துக்கொண்டு நாய்களின் பின்னால் ஓடினார்.

உடையப்பன் பாறையிலிருந்து இறங்கி வந்து அவர் எதிரே நின்றான். பெருமாள்சாமிதான் முதலில் தலையைக் குனிந்தார்.

"அடுத்த வருசத்துக்குப் பொம்மையன் இருப்பான்டா. நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

"வேணாம் சித்தப்பா" என்றான் உடையப்பன். தன் கழுத்து மாலையின் நுனியால் அவர் கன்னத்துக் கரியைத் துடைத்தான். "அடுத்த வருசமும் நீங்களே இருங்க. மேல நிக்கிறவனுக்கு, கீழ பாத்தா சொந்தக்காரன் மூஞ்சி தெரியணும்."